'அட்ஜஸ்ட்' பண்ணிக்கொள்ளாத மென்பொருள்

நம்ம ஊர் மென்பொருள் அலுவலகங்களில் எழுதப்படாத ஒரு வருணாசிரமம் இருக்கிறது. மேலே ஆர்க்கிடெக்ட். அடுத்து புது ஃபீச்சர் எழுதுகிறவர். அவருக்குக் கீழே பழைய கோடை ஒட்டுப்போடுகிறவர். எல்லாருக்கும் கீழே, கதவோரம், 'வேலிடேஷன் டிக்கெட்' வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும், போன மாதம் வேலைக்குச் சேர்ந்த பையனோ பெண்ணோ. "இந்த ஃபீல்டுல ஒண்ணுலேர்ந்து எட்டு வரைக்கும்தான் வரணும். அவ்வளவுதான்பா. மத்தியானத்துக்குள்ள முடிச்சிடு."

மெய்நிகர் கணினிகளை, அதாவது வர்ச்சுவல் மெஷின்களைச் சோதிக்கும் வேலையில் நான் பல வருடங்களாக இருக்கிறேன். எந்தச் சாதனத்தை எத்தனை மாட்டலாம், எத்தனைக்கு மேல் மாட்டக் கூடாது, மாட்டினால் என்ன ஆகும் என்பதைப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. அந்த உரிமையில் சொல்கிறேன்: 'மத்தியானத்துக்குள்ள முடிச்சிடு' என்று தள்ளிவிடப்படும் அந்த நாலு வரிதான் மொத்த மென்பொருளின் நேர்மையையும் தாங்கிக்கொண்டிருக்கிறது. முடியாததை முடியாது என்று வாசலிலேயே சொல்ல வேண்டும், காரணத்தோடு சொல்ல வேண்டும், சொல்லாமல் தானாகக் குறைத்துக்கொள்ளக் கூடாது. என் கட்சி இவ்வளவுதான். இதை மறுக்கிறவர்கள் எங்கள் துறையில் நிறைய. அவர்களோடுதான் இந்தச் சண்டை.

துறைக்கு வெளியே இருப்பவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். வர்ச்சுவல் மெஷின் என்பது நிஜக் கணினி ஒன்றுக்குள் மென்பொருளால் கட்டப்பட்ட இன்னொரு கணினி. உள்ளே ஓடும் விண்டோஸுக்கோ லினக்ஸுக்கோ, தனக்கென்று ஒரு வட்டு, ஒரு நெட்வொர்க் அட்டை, ஒரு விசைப்பலகை இருப்பதாகத்தான் தெரியும். எல்லாம் புனைவு. ஆனால் முரண்படாத புனைவு. ஐபிஎம் நிறுவனம் 1972-இலேயே விஎம்/370 என்று இதை விற்றுக்கொண்டிருந்தது. 1974-இல் ஜெரால்ட் போபெக், ராபர்ட் கோல்ட்பெர்க் என்ற இருவர் இந்தப் புனைவுக்கு மூன்று நிபந்தனைகள் வகுத்தார்கள். நிஜக் கணினியில் ஓடுவது போலவே உள்ளேயும் ஓட வேண்டும். பெரும்பாலான கட்டளைகள் குறுக்கீடு இல்லாமல் நேராக ஓட வேண்டும். கடைசியாக, வளங்கள் எல்லாம் மேற்பார்வை மென்பொருளின் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். நான் பேசப்போவது இந்தக் கடைசி நிபந்தனையைப் பற்றி. கட்டுப்பாடு என்று பெரிய வார்த்தையில் சொல்கிறோம். நடைமுறையில் அது, 'கேட்ட எண் எல்லைக்குள் இருக்கிறதா?' என்று பார்க்கும் ஒரு வரி.

உள்ளே ஓடுவதைத் தொழிலில் கெஸ்ட் என்போம், தாங்குகிற நிஜக் கணினியை ஹோஸ்ட் என்போம். விருந்தாளியும் வீட்டுக்காரரும். இன்றைய கிளவுடில் ஒரே ஹோஸ்ட்டில் ஒருவரை ஒருவர் அறியாத பல கெஸ்ட்கள் பக்கத்துப் பக்கத்து அறையில் தங்கியிருக்கிறார்கள். உங்கள் வங்கிக் கணக்கு ஓர் அறையில் இருக்கலாம். அடுத்த அறையில் யார் என்று உங்களுக்கும் தெரியாது, வங்கிக்கும் தெரியாது.

இந்த வீட்டுக்கு இரண்டு வாசல். முன்வாசலில் மனிதர் வந்து நிற்கிறார்: 'எனக்கு இத்தனை சிபியு, இத்தனை வட்டு, இத்தனை நெட்வொர்க் அட்டை வேண்டும்.' இது கான்ஃபிகரேஷன். இன்னொன்று உள்வாசல். கெஸ்ட் ஓட ஆரம்பித்த பிறகு, 'இந்த இடத்தில் இத்தனை பைட் எழுது' என்று ஒவ்வொரு நொடியும் கேட்டுக்கொண்டே இருக்கும். இரண்டு வாசலிலும் எல்லை பார்க்க வேண்டும். ஆனால் இரண்டிலும் பேச வேண்டிய மொழி வேறு வேறு.

முதலில், எல்லைகள் எங்கிருந்து வருகின்றன என்று பார்த்துவிடுவோம். ஏனென்றால் இந்த எண்களை யாரோ சும்மா வாயில் வந்ததைச் சொன்னதாகத்தான் பலர் நினைக்கிறார்கள்.

பழைய ஐடிஇ முறையில் வட்டும் சிடி டிரைவும் சேர்த்து நான்குதான் மாட்ட முடியும். ஏன்? நிஜக் கணினியில் இரண்டு கேபிள், ஒவ்வொன்றிலும் இரண்டு சாதனம். இன்று கேபிளும் இல்லை, இரும்பும் இல்லை. ஆனால் அந்தச் சாதனத்தை நடிக்கிறேன் என்று ஒப்புக்கொண்டால் நான்குதான். 16 எண் கொண்ட ஸ்கஸி கம்பியில் 15 வட்டு மாட்டலாம். மீதி ஓர் எண் கட்டுப்படுத்திக்கே போய்விடும். பிசிஐ பஸ் ஒன்றில் 32 இடம், ஒவ்வோர் இடத்திலும் 8 செயல்பாடு. சாதன எண்ணுக்கு ஐந்து பிட், செயல்பாட்டு எண்ணுக்கு மூன்று பிட் என்று ஒதுக்கியதன் விளைவு அது. பழைய ஏபிக் முறையில் ஒவ்வொரு சிபியுவுக்கும் எட்டு பிட் அடையாள எண். அதில் 256 மதிப்புகள் வரும். ஒன்றை 'எல்லோருக்கும்' என்று கூப்பிடுவதற்கு ஒதுக்கிவிட்டார்கள். மிச்சம் 255. அதற்கு மேல் சிபியு வேண்டுமென்றால் 32 பிட் எண் கொண்ட எக்ஸ்2ஏபிக் முறைக்குப் போக வேண்டும்.

விர்ட்ஐஓ என்ற சாதன வகையில் ஒரு வரிசையின் நீளம் 32768 வரை போகலாம் என்கிறது அதன் வரையறை. க்யூஎம்யூ என்ற மென்பொருளோ 1024-இல் நிறுத்திக்கொள்கிறது. லினக்ஸ் ஒரே அழைப்பில் வாங்கிக்கொள்ளும் நினைவகத் துண்டுகளின் உச்சம் 1024 என்பதுதான் அதற்குப் பின்னால் இருக்கும் கணக்கு. ஆக, எல்லை என்ற ஒவ்வோர் எண்ணுக்கும் ஓர் ஊர் உண்டு, ஒரு வம்சாவளி உண்டு. இரும்பு போட்ட எல்லை, வரையறை போட்ட எல்லை, அடியில் இருக்கும் இயங்குதளம் போட்ட எல்லை. மூன்றும் ஒன்றல்ல. எது எதனால் வந்தது என்று தெரியாமல் 'மேக்ஸ் = 8' என்று எழுதுகிற ஆள், தன் வீட்டுச் சுவர் எது, பக்கத்து வீட்டுச் சுவர் எது என்று தெரியாமல் ஆணி அடிக்கிற ஆள்.

சரி, எல்லையைப் பார்க்கவே இல்லையென்றால்? 2015 மே மாதம் அதற்கு ஒரு பெயர் கிடைத்தது: வெனம். சிவிஇ-2015-3456 என்பது அதன் பதிவு எண். கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் ஜேசன் ஜெஃப்னர் கண்டுபிடித்தது. ஓட்டை இருந்த இடத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள்: ஃபிளாப்பி டிரைவ். சோனி நிறுவனமே 2011 மார்ச்சோடு ஜப்பானில் ஃபிளாப்பி விற்பதை நிறுத்திவிட்டது. ஆனால் க்யூஎம்யூவுக்குள் ஃபிளாப்பி கட்டுப்படுத்தியின் கோடு 2004-இலிருந்து அப்படியே உட்கார்ந்திருந்தது. அதே கோடைத்தான் கேவிஎம், ஸென், வெர்ச்சுவல்பாக்ஸ் எல்லாம் ஏதோ ஒரு வடிவில் எடுத்துப் பயன்படுத்தின.

கதை எளிது. கெஸ்ட் அனுப்பும் கட்டளைகளை வாங்கி வைக்க 512 பைட் கொண்ட ஒரு தட்டு. ஃபிளாப்பியின் ஒரு செக்டார் அளவு அது. எத்தனை பைட் வந்திருக்கிறது என்று ஓர் எண் கணக்கு வைத்துக்கொள்ளும். ஒரு கட்டளை முடிந்ததும் அந்த எண் பூஜ்யத்துக்குத் திரும்பும். ஆனால் இரண்டு கட்டளைகளில் மட்டும் அது உரிய நேரத்தில் திரும்பவில்லை. கெஸ்ட் தொடர்ந்து எழுதிக்கொண்டே போனால், 513-ஆவது பைட் தட்டுக்கு வெளியே, ஹோஸ்ட்டின் நினைவகத்தில் போய் விழும். அதாவது விருந்தாளி சுவரில் துளைபோட்டு வீட்டுக்காரரின் அறைக்குள் கை விடலாம். அங்கிருந்து பக்கத்து விருந்தாளியின் அறை ரொம்ப தூரமில்லை.

இதில் என்னை இன்றுவரை கோபப்படுத்துவது வேறொன்று. ஸெனிலும் க்யூஎம்யூவிலும் நிர்வாகி 'எனக்கு ஃபிளாப்பி வேண்டாம்' என்று வெளிப்படையாக அணைத்திருந்தாலும், கட்டுப்படுத்தியின் கோடு உள்ளே விழித்துக்கொண்டுதான் இருந்தது. முன்வாசலில் 'சரிங்க, எடுத்துட்டோம்' என்று தலையாட்டிவிட்டு, உள்ளே எடுக்காமல் வைத்திருந்த மாதிரி. 11 வருடம் யாரும் பார்க்கவில்லை. திறந்த மூலம்தான். யார் வேண்டுமானாலும் படிக்கலாம். ஆனால் ஃபிளாப்பி கோடை யாருங்க உட்கார்ந்து படிப்பார்கள்? அது கதவோர ஆளின் வேலையல்லவா!

இந்த ஓட்டையை அடைத்த விதம் நம் வாதத்துக்கு முக்கியம். எழுத வேண்டிய இடத்தின் எண்ணை 512-ஆல் வகுத்து மீதியை எடுத்துக்கொள் என்று சேர்த்தார்கள். 512-ஐத் தொட்டால் மறுபடி பூஜ்யம். கெஸ்ட்டிடம் 'நீ அத்துமீறினாய்' என்று ஒரு வார்த்தை சொல்வதில்லை. சத்தமில்லாமல் மடக்கிவிடுகிறது. 'சொல்லாமல் குறைக்காதே என்றீர்களே, இது என்ன?' என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. உள்வாசலில் நிற்பது மனிதர் இல்லை. ஒரு டிரைவரோ, டிரைவர் வேஷம் போட்ட திருடனோ நிற்கிறான். அங்கே மரியாதையான மறுப்புரை தேவையில்லை, எழுத்து சுவருக்கு உள்ளேயே நின்றால் போதும். விர்ட்ஐஓவில் இன்னும் ஒரு படி மேலே போய், கெஸ்ட் அபத்தமாக ஏதாவது கேட்டால் 'இந்தச் சாதனம் பழுது, மறுபடி தொடங்கு' என்று ஒரு கொடியை உயர்த்த வழி வைத்திருக்கிறார்கள். அதுவும் நல்ல ஏற்பாடு.

முன்வாசலில் நிற்பதோ மனிதர். அவருக்குக் கண் இருக்கிறது, திட்டம் இருக்கிறது, மேலதிகாரி இருக்கிறார், நாளைக் காலை ஒன்பது மணிக்கு ஒரு கெடு இருக்கிறது. அவரிடம் போய்ச் சத்தமில்லாமல் மடக்குவது என்ன நியாயம்?

ஆனால் மடக்குகிறார்கள். அதற்குத்தான் நம் ஊரில் அழகான பெயர் வைத்திருக்கிறோம்: 'அட்ஜஸ்ட் பண்ணிக்கிறது.' நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் ஒரு நிர்வாகத் திரை இருந்தது. அதில் நெட்வொர்க் அட்டை 12 என்று கொடுத்தால் வாங்கிக்கொள்ளும். அடியில் இருந்த மென்பொருள் எட்டுதான் தாங்கும். எட்டை மட்டும் உருவாக்கிவிட்டு, திரையில் பச்சை டிக் காட்டும். வெற்றி! வாடிக்கையாளர் தரப்பில் ஒருவர் இரண்டு இரவு தூங்காமல் ஒன்பதாவது அட்டையைத் தேடினார். சுவிட்சை மாற்றிப் பார்த்தார், கேபிளை மாற்றிப் பார்த்தார், ஃபயர்வாலைத் திட்டினார். கடைசியில் அவருடைய மேலாளர் அவரைத் திட்டினார். நான் பிழை என்று பதிவு செய்தேன். வந்த பதில்: 'வடிவமைத்தபடியே வேலை செய்கிறது. வாடிக்கையாளர் ஆவணத்தைப் படிக்க வேண்டும்.' அந்த ஆவணம் 600 பக்கம். எட்டு என்ற எண் அதில் ஓர் அடிக்குறிப்பில் இருந்தது.

இதில் யார் என்ன இழந்தார்கள் என்று கணக்குப் போடுங்கள். மென்பொருள் எழுதியவருக்கு நாலு வரி மிச்சம். முகம் தெரியாத ஒருவருக்கு இரண்டு இரவு போச்சு, பேரும் கெட்டது. எல்லை பார்க்காததன் செலவு மறைவதில்லை, கைமாறுகிறது. எப்போதும் கீழே இருக்கிறவர் கைக்கே போகிறது.

'அது யாரோ மோசமாக எழுதிய மென்பொருள்' என்று தள்ளிவிடாதீர்கள். எல்லாரும் விதிப்படி நடந்தும் மனிதர் ஏமாறுகிற கதை ஒன்று உண்டு. விண்டோஸ் 10 ப்ரோ இரண்டு சிபியு சாக்கெட்டுக்கு மேல் பயன்படுத்தாது, ஹோம் பதிப்பு ஒன்றே ஒன்று. ஒரு சாக்கெட்டுக்குள் பல கோர் இருக்கலாம், அது வேறு. க்யூஎம்யூவிடம் வெறுமனே 'எட்டு சிபியு கொடு' என்று சொன்னால், நெடுங்காலம் அது எட்டு சாக்கெட், ஒவ்வொன்றிலும் ஒரு கோர் என்று வைத்துக்கொண்டது. விளைவு? எட்டு கொடுத்தீர்கள், விண்டோஸ் ப்ரோ இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு ஆமை மாதிரி நகரும். க்யூஎம்யூவைக் கேட்டால் எட்டு சரிதான் என்கும். விண்டோஸைக் கேட்டால் உரிமம் இரண்டுக்குத்தான் என்கும். இரண்டும் உண்மை. இரண்டுக்கும் நடுவில் நிற்கிற மனிதரிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. 2021 டிசம்பரில் வந்த 6.2 பதிப்பிலிருந்துதான் சாக்கெட்டுக்குப் பதில் கோர்களைப் பெருக்கும்படி மாற்றினார்கள்.

ஆகவே, 'எல்லையைப் பார்' என்றால் 'எண் பெரிதா சிறிதா' என்று பார்ப்பதோடு முடிவதில்லை. கேட்டவருக்குக் கேட்டது கிடைத்ததா என்று பார்ப்பதும் அதில் அடக்கம்.

இப்போது எதிர்க்கட்சியின் வாதங்களுக்கு வருகிறேன். நான்கு வாதங்களைத் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன்.

முதல் வாதம்: 'எர்ரர் காட்டினா யூசர் பயந்துடுவாங்க.' இதைச் சொல்கிறவர்கள் தங்களைக் கருணையாளர்கள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். லிஃப்ட்டில் கூடுதலாக ஒருவர் ஏறினால் அது கீச்சென்று கத்தும், கதவை மூடாது, நகராது. யாராவது ஒருவர் அசடு வழிந்துகொண்டு இறங்குவார். கொஞ்சம் சங்கடம்தான். அந்தச் சங்கடத்தைத் தவிர்க்க, கத்தாமல் கிளம்பிப் போய் நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் நிற்கிற லிஃப்ட்டை யாராவது கருணையுள்ள லிஃப்ட் என்பார்களா? பயனரைப் பயமுறுத்துவது மறுப்பு கிடையாது, காரணம் சொல்லாத மறுப்பு. வெர்ச்சுவல்பாக்ஸில் நினைவகம் ஒதுக்கும் பட்டையைப் பார்த்திருப்பீர்கள். பச்சை, ஆரஞ்சு, சிவப்பு என்று மூன்று நிறம். எங்கே வசதி, எங்கே ஆபத்து, எங்கே முடியாது என்று ஒரு வார்த்தை பேசாமலே சொல்லிவிடுகிறது. யாரும் அதைப் பார்த்துப் பயந்து ஓடியதாகத் தெரியவில்லை.

இரண்டாவது வாதம்: 'ஒவ்வொரு தடவையும் செக் பண்ணா ஸ்லோ ஆயிடும்.' முன்வாசலுக்கு இது பொருந்தவே பொருந்தாது. மெஷின் தொடங்கும்போது ஒரு தடவை பார்க்கிற எண்ணால் என்ன ஸ்லோ? உள்வாசலில் வேண்டுமானால் பேசலாம். ஆனால் நடிக்கப்பட்ட ஒரு சாதனத்தைத் தொடுவதற்காக கெஸ்ட் வெளியே வந்து திரும்பிப் போவதற்கே நூற்றுக்கணக்கிலிருந்து ஆயிரக்கணக்கான சைக்கிள்கள் ஆகின்றன. அதன் பக்கத்தில் ஓர் ஒப்பீட்டின் செலவு பந்தியில் உப்பு மாதிரி. உப்பை மிச்சம் பிடித்துக் கல்யாணச் செலவைக் குறைத்தவர் யாரும் இல்லை.

மூன்றாவது வாதம் கொஞ்சம் கனமானது: 'இப்ப புதுசா எல்லை போட்டா, பழைய வாடிக்கையாளரோட மெஷின் நின்னுடும்.' இதை நான் மதிக்கிறேன். இத்தனை நாள் ஓடிய மெஷின், மென்பொருளைப் புதுப்பித்த மறுநாள் பட்டியலிலிருந்தே காணாமல் போனால் அது பெரிய துரோகம். ஆனால் இதற்கு விடை ஏற்கெனவே இருக்கிறது. லிப்விர்ட் என்ற மென்பொருள் கான்ஃபிகரேஷனைப் படிப்பதையும் அது சரியா என்று தீர்ப்புச் சொல்வதையும் தனித்தனிக் கட்டங்களாகப் பிரித்துவைத்திருக்கிறது. வட்டில் ஏற்கெனவே சேமித்திருக்கும் மெஷின்களை மறுபடி ஏற்றும்போது தீர்ப்புக் கட்டத்தைத் தாண்டிவிடும். அதனால் பழைய மெஷின் பட்டியலில் இருக்கும், கண்ணுக்குத் தெரியும், திருத்தலாம். புதிதாக ஒன்றை எழுதும்போதோ, ஏற்கெனவே இருப்பதைத் தொடங்கும்போதோ கேள்வி கேட்கும். சாக்கெட் விஷயத்திலும் அப்படித்தான்: பழைய மெஷின் வகைகளுக்குப் பழைய நடத்தையே தொடரட்டும் என்று க்யூஎம்யூ விட்டுவைத்தது. பழையவர்களைக் கைவிடாமல் புது எல்லை போட முடியும். அதற்குக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். 'யோசிக்க நேரமில்லை' என்பதைத்தான் பலர் 'வாடிக்கையாளர் நலன்' என்று மொழிபெயர்க்கிறார்கள்.

நான்காவது வாதம்: 'சாதனங்களையே குறைச்சிடலாமே, எல்லை எதுக்கு?' அமேசான் 2018-இல் வெளியிட்ட ஃபயர்கிராக்கர் அந்த வழியில் போனது. ரஸ்ட் மொழியில் எழுதப்பட்டது. ஃபிளாப்பி இல்லை, படம் காட்டும் அட்டை இல்லை. விசைப்பலகைக் கட்டுப்படுத்திகூட மெஷினை நிறுத்துவதற்கு மட்டும்தான். எனக்கு இந்தச் சிக்கனம் பிடிக்கும். இல்லாத கதவை உடைக்க முடியாது. ஆனால் மிச்சமிருக்கும் ஐந்தாறு சாதனத்துக்கும் எல்லை உண்டு, அதைப் பார்த்தே ஆக வேண்டும். அறைகள் குறைந்த வீட்டுக்கும் பூட்டு வேண்டும்.

சரி, மறுப்பை எப்படிச் சொல்வது? இங்கேதான் இலக்கியம் படிக்கிற உங்களிடம் நேரடியாகப் பேச ஆசைப்படுகிறேன், ஏனென்றால் இது மொழிப் பிரச்சினை. லினக்ஸ் கெர்னலில் பிழை எண் 22 என்று ஒன்று உண்டு. 'நீ கொடுத்தது செல்லாது' என்று பொருள். எது செல்லாது? ஏன்? எவ்வளவு கொடுத்தால் செல்லும்? ஒன்றும் சொல்லாது. 22, அவ்வளவுதான். கெர்னலுக்கு அதற்கு மேல் பேச வாயில்லை என்பதை ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் அதன் மேல் திரை கட்டுகிறவர்கள் அந்த 22-ஐ அப்படியே பயனர் முகத்தில் எறிகிறார்கள். அதற்கு 'உள் பிழை ஏற்பட்டது, நிர்வாகியை அணுகவும்' என்று ஒரு மொழிபெயர்ப்பு வேறு. அவர்தாங்க நிர்வாகி!

நல்ல மறுப்புக்கும் எடுத்துக்காட்டு தருகிறேன். க்யூஎம்யூவில் விர்ட்ஐஓ நெட்வொர்க் அட்டையின் பெறும் வரிசை நீளத்தை 300 என்று கொடுத்துப் பாருங்கள். எந்த அளவுரு என்று பெயர் சொல்லும். நீங்கள் கொடுத்த 300-ஐத் திருப்பிச் சொல்லும். இரண்டின் அடுக்காக இருக்க வேண்டும், 256-க்கும் 1024-க்கும் நடுவில் இருக்க வேண்டும் என்று சொல்லும். சொல்லிவிட்டு நின்றுவிடும். படித்தவர் 256, 512, 1024 மூன்றில் ஒன்றைப் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போகலாம். ஒரே வாக்கியத்தில் எது, எவ்வளவு, எது வரை என்று மூன்றும் இருக்கிறது. 'ஏன்' மட்டும் இல்லை. அதையும் சேர்த்தால் என் கண்ணில் அது நிறைவான வாக்கியம்.

அதே போல, அறிவுரையையும் சட்டத்தையும் குழப்பக் கூடாது. கேவிஎம் சிபியு எண்ணிக்கைக்கு இரண்டு எண்களைத் தருகிறது: பரிந்துரைக்கும் அளவு ஒன்று, உச்ச அளவு ஒன்று. முதலாவதைத் தாண்டினால் க்யூஎம்யூ எச்சரித்துவிட்டு ஓடவிடும். இரண்டாவதைத் தாண்டினால் ஓடவிடாது. 'வேண்டாம்னு தோணுது, உங்க இஷ்டம்' என்பதும் 'முடியவே முடியாது' என்பதும் இரண்டு வேறு வாக்கியங்கள். பயனரைப் பெரியவராக நடத்துகிற மென்பொருளுக்கு இந்த வித்தியாசம் தெரியும். எல்லாவற்றுக்கும் சிவப்பு காட்டுகிற மென்பொருள் பயனரைக் குழந்தையாக்குகிறது, எல்லாவற்றுக்கும் பச்சை காட்டுவது அவரை முட்டாளாக்குகிறது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் 'நாலு வரிதானே' என்ற பேச்சு ஓயாது. அந்த நாலு வரியை ஒழுங்காக எழுதுவதே கஷ்டம். 'தொடக்க இடத்தையும் நீளத்தையும் கூட்டு, அளவைத் தாண்டுகிறதா பார்' என்று எல்லாரும் எழுதுவார்கள். 32 பிட் எண்ணில் 4294967290-உடன் 10-ஐக் கூட்டினால் விடை 4. ஓடோமீட்டர் மாதிரி சுற்றிவந்து பூஜ்யத்தைத் தாண்டிவிடும். நாலு சின்ன எண்தானே என்று காவலாளி உள்ளே விட்டுவிடுவார். கூட்டிப் பார்க்காமல், தொடக்க இடம் அளவுக்குள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மிச்சமிருக்கும் இடத்தோடு நீளத்தை ஒப்பிட வேண்டும். கழித்தலிலும் இதே வம்பு. 2018 நவம்பரில் வெளியான வெர்ச்சுவல்பாக்ஸ் ஓட்டை, அதன் ஈ1000 நெட்வொர்க் அட்டையில், பூஜ்யத்துக்குக் கீழே போய்ப் பெரிய எண்ணாக மாறிய ஒரு கழித்தலில்தான் தொடங்கியது.

அதைவிட நுட்பமானது, பார்த்த எண்ணும் பயன்படுத்துகிற எண்ணும் ஒன்றுதானா என்பது. கெஸ்ட்டும் ஹோஸ்ட்டும் பங்குபோட்டுக்கொள்ளும் நினைவகத்தில் எண் இருந்தால், நீங்கள் பார்த்து 'சரி' என்று சொன்ன கணத்துக்கும் எடுத்துப் பயன்படுத்தும் கணத்துக்கும் நடுவில் கெஸ்ட் அதை மாற்றிவிடலாம். 2015 டிசம்பரில் ஸென் திட்டம் எக்ஸ்எஸ்ஏ-155 என்ற எச்சரிக்கையில் சொன்னது இதைத்தான். அதில் ஒரு கொடுமை: நிரலாளர் ஒரு தடவைதான் படிப்பதாக எழுதியிருந்தாலும், கம்பைலர் அதை இரண்டு தடவை படிப்பதாக மாற்றிவிட வாய்ப்பு இருந்தது. காய்கறிக் கடைக்காரருக்குத் தெரிந்த பாடம் இது. பணத்தை வாடிக்கையாளர் கையில் இருக்கும்போது எண்ண மாட்டார். வாங்கித் தன் கைக்கு மாற்றிய பிறகுதான் எண்ணுவார். முதலில் உன் இடத்துக்கு நகலெடு, நகலைச் சோதி, நகலையே பயன்படுத்து.

கூட்டல் சுற்றுவது, கழித்தல் கவிழ்வது, கண்ணெதிரே எண் மாறுவது. இவ்வளவையும் தெரிந்த ஒருவர்தான் அந்த நாலு வரியை எழுத முடியும். இதைப் போய் 'மத்தியானத்துக்குள்ள முடிச்சிடு' என்று புதிதாக வந்தவர் தலையில் கட்டுகிறோம். அவர் தப்பாக எழுதினால் அது அவருடைய குற்றம் இல்லை. எங்கே நம் வீட்டுச் சுவர் இருக்கிறதோ அங்கே, அனுபவம் இல்லாதவரைத் தனியாகக் காவலுக்கு நிறுத்திய எங்கள் வருணாசிரமத்தின் குற்றம்.

எனவே என் கோரிக்கைகள் வெளிப்படையானவை. எல்லை சோதிக்கும் கோடை அணியிலேயே மூத்தவர் எழுதட்டும். புதியவர் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளட்டும். கோடில் வரும் ஒவ்வோர் உச்ச எண்ணுக்கும் பக்கத்தில், அது எங்கிருந்து வந்தது என்று ஒரு வரி இருக்கட்டும். இரும்பா, வரையறையா, இயங்குதளமா, இல்லை நம்ம வசதியா? நம்ம வசதி என்றால் அதையும் வெட்கப்படாமல் எழுதலாம், நாளைக்கு வருகிறவர் தைரியமாக மாற்றுவார். உச்ச எண், அதற்கு ஒன்று கூட, ஒன்று குறைய, பூஜ்யம், கழித்தல் எண், ஒரு பைத்தியக்கார எண் என்று ஆறு சோதனையும் ஓடாத எதுவும் வெளியே போகக் கூடாது. கேட்டதைக் கொடுக்க முடியவில்லையென்றால் எதையும் கொடுக்காமல், ஏன் என்று சொல்ல வேண்டும். பாதியைக் கொடுத்துவிட்டுப் பச்சை டிக் காட்டும் உரிமை எந்த மென்பொருளுக்கும் கிடையாது.

நீங்கள் இந்தத் துறையில் இல்லாமல் இருக்கலாம். ஆனால் கிளவுடில் தங்காத வாழ்க்கை இன்று யாருக்கும் இல்லை. உங்கள் கவிதை, ரத்தப் பரிசோதனை அறிக்கை, பரீட்சை மதிப்பெண் எல்லாம் ஏதோ ஒரு ஹோஸ்ட்டின் ஏதோ ஓர் அறையில் இருக்கின்றன. அந்த அறையின் சுவர் நிற்பது, நீங்கள் ஒருநாளும் பார்க்கப்போகாத யாரோ ஒருவர் 512 வந்ததும் 'போதும்' என்று எழுதிய வரியின் மேல். அந்த ஆளுக்கு நேரமும் மரியாதையும் கொடுங்கள் என்றுதான் எங்கள் துறையைக் கேட்கிறேன். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் என்னால் அட்ஜஸ்ட் பண்ணிக்க முடியாது.